சும்மா நடந்து வர ஒரு தெரு

'நடை' என்கிற சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. கால் எடுத்து வைப்பது நடை. ஒழுக்கமும் நடை. எழுதுகிற எழுத்திலும் நடை. கோயில் வாசலும் நடைதான். 'நடை திறந்தாச்சி', 'நடை சாத்தியாச்சி' என்கிறோமே, அந்த நடை. எம்.ஏ. வகுப்பில் மூன்றாவது பொருளைப் பற்றி மட்டும் ஒரு பருவம் முழுக்கப் பாடம் கேட்டேன். உரைநடையின் தோற்றமும் வளர்ச்சியும்! முதல் பொருளையும் நான்காம் பொருளையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க ஆயா. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மரக்காணம் உப்பளத்தில் தலையில் கூடை வைத்து உப்பு சுமந்தே காலம் கழித்தவள்.

இந்தக் கட்டுரை நடப்பதைப் பற்றியது. அதிலும் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு சுற்றி வருவதைப் பற்றியது. "ஊர்ல எவ்ளோ பிரச்சினை கெடக்குது, இவன் நாய இட்டுக்கினு வாக்கிங் போன கதைய எழுத வந்துட்டான்" என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

இங்கிலாந்தில் விடுமுறை நாட்களில் ஜனங்கள் செய்கிற ஒரு காரியம் உண்டு. ஓரிடத்தில் புறப்பட்டு, காட்டுக்குள் நுழைந்து, ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுகரை ஏறி, யாரோ ஒரு பண்ணையாரின் நிலத்து வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள். வட்டமாக ஒரு நடை. இதற்கென்றே கையேடுகள் உண்டு. எந்த வழியில் நாயைக் கூட்டிப் போகலாம், எங்கே வேலிக்குள் நாய் நுழைய இடம் இருக்கிறது, எங்கே கயிற்றில் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். வசதி உள்ளவன் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அந்தப் பாதைகள் சும்மா கிடைத்தவை அல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கௌட் என்கிற மேட்டு நிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். பிரபுக்கள் பறவை சுடுவதற்காகப் பூட்டி வைத்திருந்த நிலம் அது. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-இல் ஒரு சட்டம், 2000-இல் இன்னொரு சட்டம் என்று பாதைகளும் மேய்ச்சல் மேடுகளும் மெல்லத் திறந்தன. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாய்க்கும் இடம் இருக்கிறது. திறந்துவிட்ட மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை குட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலம் அது. இருபது வருசம் ஜனங்கள் தடையில்லாமல் நடந்த வழி பொதுவழி ஆகிவிடும் என்றும் அங்கே சட்டம் இருக்கிறது.

நமக்கு வட்டம் கிடையாது. நமக்கு இருப்பது நேர்க்கோடு. சேரியிலிருந்து வயலுக்கு ஒரு கோடு, வயலிலிருந்து சேரிக்கு அதே கோடு. சேரியிலிருந்து உப்பளத்துக்கு ஒரு வரப்பு, திரும்ப அதே வரப்பு. "போன வழியே வா" என்பது ஆயா எங்களுக்குச் சொன்ன ஒரே போக்குவரத்து விதி. சுற்றி வரவேண்டும் என்றால் ஊர் வழியாக வரவேண்டும். ஊரில் சுற்றி வருகிற உரிமை சாமிக்கு இருந்தது. தேர் நாலு வீதியும் சுற்றும். எங்கள் ஆட்கள் பறையடித்துக்கொண்டு அதற்கு முன்னால் போய், ஒரு முனை வந்ததும் நின்றுகொள்வார்கள். 'வலம் வருதல்' என்கிற சொல்லே எங்கள் கால்களுக்குச் சொந்தமில்லாத சொல்லாக இருந்தது.

இருந்தாலும் எங்களுக்கென்று ஒரு சுற்று உண்டு. அதை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. ஆடு மேய்த்தவர்களும் நண்டு பிடித்தவர்களும் விறகு பொறுக்கப் போன பெண்களும் காலாலேயே போட்ட வழி. எட்டு கிலோமீட்டர் இருக்கும். மாசி மாதத்தில் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். என்னோடு வருவது மணி. செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். நாட்டு நாய். இதை எழுதுவதற்காக அந்த வழியை ஒரு முறை வார்த்தையால் நடந்து காட்டுகிறேன்.

முதலில் உப்பளம். மூவாயிரம் ஏக்கருக்கும் மேலே பரந்து கிடக்கிற வெள்ளை. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பேர்போன ஊர்களின் வரிசையில் எங்கள் மரக்காணமும் ஒன்று. களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கித்தான் பாத்தி உண்டாகிறது. உப்புத்தண்ணியை ஒரு பாத்தியில் தேக்கி, காயவிட்டு, அடுத்ததுக்கு மாற்றி, அதையும் காயவிட்டு, கடைசிப் பாத்திக்குக் கொண்டு வருவார்கள். தண்ணியின் கனத்தை டிகிரிக் கணக்கில் சொல்வார்கள். இருபத்தைந்து டிகிரி பக்கம் வரும்போது உப்பு விளையும். பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். அதற்குப் பிறகு கூடை, தலை, கழுத்து, முதுகெலும்பு. வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைத் தின்னும். காலில் வெடிப்பு வந்தால் அந்த வெடிப்புக்குள் உப்பு போகும். மணியை நான் பாத்திக்குள் இறங்க விடுவதில்லை, வரப்பு மேலேயே நடத்துகிறேன். நாயின் பாதமும் தோல்தானே. வீடு வந்ததும் நல்ல தண்ணியில் அதன் கால்களைக் கழுவிவிடுவேன். இதைப் பார்த்துச் சின்னம்மா ஒருநாள் சொன்னாள்: "எங்க கால எவன்டா கழுவினான்?" பதில் சொல்ல முடியாத கேள்வி. ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் முழுகிவிடும். மூன்று மாதம் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கென்று குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணத்தை அரசு 2022-இல்தான் கொடுக்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஐயாயிரம்!

அடுத்தது பக்கிங்காம் கால்வாய். எங்கள் பக்கத்தில் மலையும் இல்லை, ஆறு குடைந்த பள்ளத்தாக்கும் இல்லை. எங்களுக்கு ஆறு மாதிரி இருப்பது இந்தக் கால்வாய்தான். ஆந்திராவிலிருந்து கடலை ஒட்டியே வந்து மரக்காணத்தில் முடிகிறது. இது மனுசக் கை வெட்டியது. 1876-78 தாதுவருசப் பஞ்சத்தில் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதியைப் பஞ்சக் கூலிகள் வெட்டினார்கள். கஞ்சிக்காக மண் சுமந்தவர்களின் பேர் எங்கும் இல்லை. கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பேர். பிறகு இதில் படகு போனது. காற்று இல்லாத நாளில் ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். உப்பும் விறகும் சவுக்கும் பட்டணம் போனது இப்படித்தான். நான் மணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கிற கரை, மனுசன் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்த கரை.

கால்வாயைத் தாண்டினால் கழுவெளி. இடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியாகக் கடலோடு தொடர்புள்ள பெரிய நீர்ப்பரப்பு. மழைக்குப் பிறகு நல்ல தண்ணியும் வெயிலில் உப்புத் தண்ணியுமாக மாறி மாறி நிற்கும். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரையும் கூழைக்கடாவும் உள்ளானும் வருகின்றன. இந்த இடத்தில் மணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், கரையோடு சரி, தண்ணிப் பக்கம் விடமாட்டேன். நாய் துரத்தினால் பறவை எழும்பும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவை இரை தின்னாமல் திரும்பத் திரும்ப எழும்பினால் உடம்பில் வலு போய்விடும். பறவைக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பதைச் சேரிக்காரனுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

பிறகு காப்புக்காட்டின் ஓரம். கடலோரத்து உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காசான், உலக்கைப்பாலை என்று குட்டையாக, நெருக்கமாக, கோடையிலும் இலை கொட்டாமல் நிற்கிற மரங்கள். இந்த வகைக் காடு இப்போது சோழமண்டலக் கரையில் துண்டு துண்டாகத்தான் மிச்சம் இருக்கிறது. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி சாமிக்குப் பயந்து விட்டுவைத்தவை சில. காவலுக்குப் பயந்து விட்டுவைத்தவை சில. நிழல் இருக்கும். மணி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காரும். நானும் உட்காருவேன்.

காட்டை விட்டு வெளியே வந்தால் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, ஊர்த்தெரு. முந்நூறு அடி நீளம். அதைக் கடந்தால் அந்தப் பக்கம் எங்கள் காலனி. ஐந்து நிமிசம். இன்னொன்று, ஓடையில் இறங்கி, சுடுகாட்டைச் சுற்றி, உப்பள வரப்பில் ஏறிப் போகிற வழி. நாற்பது நிமிசம். எங்கள் சுற்று என்பது இந்த இரண்டாவது வழிதான். வட்டம் மாதிரி தெரிகிற அது வட்டமே இல்லை. முந்நூறு அடியைத் தவிர்ப்பதற்காக நெளிந்து போகிற கோடு.

"இப்பல்லாம் யாருப்பா தெருவுல வராதன்னு சொல்றாங்க?" என்று கேட்பீர்கள். உண்மைதான், யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரேசன் கடைக்குப் போகலாம். மூட்டை தூக்கப் போகலாம், கொத்து வேலைக்குப் போகலாம், பெயிண்ட் அடிக்கப் போகலாம். சாக்கடை அடைத்துக்கொண்டால் கூப்பிட்டே அனுப்புவார்கள். வேலையாகப் போகிற காலுக்குத் தெரு திறந்திருக்கிறது. வேலை இல்லாமல் சும்மா நடந்து போகிற காலுக்கு அது திறக்கவில்லை. பிணமாகப் போகிற உடம்புக்கும் திறக்கவில்லை.

ஆயா செத்தது 2015 நவம்பரில். வடதமிழ்நாடு முழுக்க வெள்ளம் அடித்த அந்த மழை. உப்பள வரப்பு இருந்த இடமே தெரியவில்லை, எல்லாம் ஒரே தண்ணி. பெரியப்பாவும் எங்க நைனாவும் ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டார்கள். இந்த ஒரு தடவை தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போகிறோம், மேளம் வேண்டாம், பூ இறைக்க மாட்டோம், சத்தமில்லாமல் போய்விடுகிறோம் என்றார்கள். "தெருவுல கொழந்த குட்டிங்க இருக்குது, கோயில் இருக்குது, பழக்கம் இல்லாதத எப்பிடிச் செய்யறது" என்று பதில் வந்தது. கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதையை நான் இன்னும் மறக்கவில்லை. இடுப்பளவு தண்ணியில் பாடையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் போனோம். காலால் தடவித் தடவி வரப்பைக் கண்டுபிடித்து நடந்தோம். ஆயுசு முழுக்க உப்பு சுமந்த கிழவியை உப்பளத்துத் தண்ணியிலேயே சுமந்தோம். சுடுகாட்டு மேட்டில் ஏறியபோது அங்கே ஆயா சோறு வைத்து வளர்த்த பொட்டை நாய் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. தண்ணியில் இறங்காமல் அது ஊர்த்தெரு வழியாக வந்துவிட்டது. அதை யாரும் நிறுத்தவில்லை. மணி அந்த நாய் போட்ட குட்டி.

நாயையும் நம்மையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட வேலை பழசு. மனுதர்மம் பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளர்கள் ஊருக்கு வெளியே வசிக்க வேண்டும், அவர்களுடைய சொத்து நாயும் கழுதையும் என்று எழுதி வைத்தார்கள். சொத்தாக நாயைக் கொடுத்தவர்கள் அதையும் முழுசாகக் கொடுக்கவில்லை. சேரியில் ஆண் நாய் வளர்க்கக்கூடாது என்கிற தடை இந்தத் தமிழ்நாட்டிலேயே சில கிராமங்களில் இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரிக் கடுவன் ஊர்ப் பொட்டையோடு சேர்ந்துவிடக் கூடாதாம்! அதே சமயம் சிவன் கோயிலுக்குள் பைரவருக்குப் பக்கத்தில் நாய் கல்லாக நிற்கிறது. கல் நாய்க்குக் கோயிலில் இடம், உயிர் நாய்க்குத் தெருவில் இடம். நாயைச் 'சொத்தாக' வைத்திருந்தவனுக்கு எங்கே இடம்?

இந்தக் கேள்வியை நடந்தே கேட்டவர்கள் உண்டு. மகாத் நகரின் சவுதார் குளத்தில் ஆடுமாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், தீண்டப்படாதவர் குடிக்கக்கூடாது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் மாநாட்டுப் பந்தலிலிருந்து ஊர்வலமாக நடந்து போய் அந்தத் தண்ணியை அள்ளிக் குடித்தார். குடித்ததைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முன்னால் அவர்கள் ஊருக்குள் நடந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர் அந்த நடைக்கும் சேர்த்துத்தான் அடித்தது. அதே வருசம் டிசம்பர் 25 அன்று அதே மகாதில் மனுதர்மம் எரிந்தது.

வைக்கம் போராட்டம் இன்னும் நேரடியானது. அது கோயிலுக்குள் போகிற போராட்டமே அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கிற போராட்டம். 1924 மார்ச் 30-இல் தொடங்கியது. பெரியார் போய் இரண்டு முறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் முடிந்தபோது கிடைத்தது என்ன? நாலு பக்கத்தில் மூன்று பக்கம். கிழக்குத் தெரு ஆதிக்க சாதிகளுக்கே என்று நின்றது. மற்றவர்களுக்கு மாற்று வழி போட்டுக் கொடுத்தார்கள். முழுச்சுற்று 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனத்தோடுதான் வந்தது. 'கொஞ்சம் சுத்திப் போங்க' என்பது சமரசம் பேசுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் சொல்கிற வாக்கியம். வைக்கத்திலும் சொன்னார்கள், எங்கள் ஓடைப் பக்கத்திலும் சொல்கிறார்கள்.

வைக்கத்தைப் பேசுகிற நாம் அதே 1924-இல் சென்னையில் நடந்ததை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கத் தடை கிடையாது என்பது அதன் சாரம். பொதுக் கிணறு, குளம், கட்டடங்களும் அதில் அடக்கம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆனது. நூறு வருசம் தாண்டிவிட்டது. கோழியாளம் எங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை. அந்த அரசாணை மட்டும் இன்னும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

பக்கத்தில் மேல்பாதி இருக்கிறது. 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்கு மட்டும் நடை திறந்தது. 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடு நம் ஜனங்கள் உள்ளே போனார்கள். ஒரு வாசல்படியைத் தாண்ட இரண்டு வருசம். மரக்காணத்திலேயே 2013 ஏப்ரல் 25 இருக்கிறது. மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் போன நாளில் மோதல் வெடித்து, கட்டையன்தெருவில் தலித் குடிசைகள் எரிந்தன. உயிர்களும் போயின. ஆகவே எங்கள் பெரியவர்கள் "வேணாம்டா" என்று சொல்லும்போது அதைக் கோழைத்தனம் என்று நான் எழுதமாட்டேன். எரிந்த கூரையின் நாற்றத்தை அறிந்தவர்களின் சொல் அது.

நானும் யோசித்துத்தான் செய்தேன். போன வருசம் மாசியில் ஒருநாள் காட்டை விட்டு வெளியே வந்து, ஓடையில் இறங்காமல், மணியைக் கயிற்றில் பிடித்தபடி தெருவுக்குள் நுழைந்தேன். நாலாவது வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்.

"இன்னாப்பா, யாரு வூட்டுக்கு?"

"யாரு வூட்டுக்கும் இல்லீங்க. சும்மா நடந்துட்டு வரேன்."

"சும்மாவா?"

"ஆமாங்க, சும்மாதான்."

அந்தச் 'சும்மா' அவருக்குப் புரியவில்லை. கூலிக்கு வந்தேன் என்றால் புரிந்திருக்கும். கட்சி நோட்டீஸ் கொடுக்க வந்தேன் என்றால்கூடப் புரிந்திருக்கும். கொஞ்ச நேரம் மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நாய அவுத்து வுடு, அது பாட்டுக்குப் போவும். நீ அந்தாண்ட ஓடப் பக்கமா சுத்தினு போயிடு. எதுக்கு வம்பு."

நான் பெரிசாக எதுவும் பேசவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணாவே போறோங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். முந்நூறு அடி. நெஞ்சு அடித்துக்கொண்டது. மணி மட்டும் ஒவ்வொரு மின்கம்பத்திலும் நின்று நிதானமாகத் தன் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தது. அதற்குப் பதற்றமே இல்லை. அந்தத் தெருவில் அது பலமுறை நடந்திருக்கிறது, எனக்குத்தான் முதல் முறை.

சாயந்திரம் நைனாவுக்குச் சேதி வந்தது. "ஒம் புள்ள நாயப் புடிச்சிக்கினு தெருவுல ஷோ காட்றானாமே." பத்து நாள் கழித்து மணி பின்னங்காலில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தது. கல்லடி. எறிந்தது யார் என்று பார்த்தவர் யாரும் இல்லை. இன்னும் அது கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களைப் பற்றி உத்தரவு போட்டு, பத்து நாளில் அதையே திருத்தியபோது நாடு இரண்டாகப் பிரிந்து நின்று பேசியது. நாய்க்குத் தெருவில் உரிமை உண்டா என்று தொலைக்காட்சியில் வாதம் நடந்தது. பேசட்டும், நாய் எனக்கும் உறவுதான். அந்தத் தெரு யாருடையது என்கிற கேள்வியை மட்டும் அந்த வாதங்களில் நான் கேட்கவில்லை.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு சேதி. சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுக் கடற்கரை. வள்ளலின் பெருமை, யாழ், பரிசில் என்று வகுப்பில் பாடம் நடந்தது. அதே பாட்டில் பாணனின் வீடும் வருகிறது. கண் திறக்காத குட்டிகள் பால் இல்லாத முலையை இழுக்க, வலி பொறுக்காமல் குரைக்கிற நாய் ஒன்று அடுப்படியில் கிடக்கிறது. பசித்த பெண் குப்பைமேட்டில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொந்தங்களோடு தின்கிறாள். இந்த வரிகளை 'வறுமைச் சித்திரிப்பு' என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாக்கினார்கள். உப்பு விளைகிற நாட்டைப் பாடுகிற பாட்டில் உப்பில்லாக் கீரை எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்டேன். அது தேர்வுக்கு வராது என்று பதில் கிடைத்தது. எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். உப்பு மட்டும் குறைவில்லாமல் இருக்கும், மற்றதெல்லாம் கடன். ஆனால் சாத்திய கதவும் குரைக்கிற நாயும் அப்படியே இருக்கின்றன. அந்த நாயைப் பாட்டில் விட்டுவைத்த புலவன் நல்லூர் நத்தத்தனுக்கு என் வணக்கம்.

மணிக்குக் கல்லடி பட்ட பிறகு நான் செய்தது காகித வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிராம வரைபடத்துக்கும் 'அ' பதிவேட்டு நகலுக்கும் மனு போட்டேன். இழுத்தடித்து, மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்தது. படத்தை விரித்து வைத்துக் காலனியே குனிந்து பார்த்தது. தலைமுறை தலைமுறையாக நாங்கள் பிணம் தூக்கிப் போன உப்பள வரப்பு அதில் பாதையாகவே இல்லை. காலனியிலிருந்து சுடுகாட்டுக்குக் காட்டியிருக்கிற பாதை ஒன்றே ஒன்று. அது ஊர்த்தெரு வழியாகப் போகிறது. அந்தத் தெருவின் சிமெண்டும் விளக்கும் பஞ்சாயத்துப் பணம். அதாவது சர்க்கார் காகிதத்தில் நாங்கள் அந்தத் தெருவில்தான் நடந்துகொண்டிருக்கிறோம். நடக்காமல் இருப்பது எங்கள் கால்கள் மட்டும்தான்!

பெரியப்பா படத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இது எப்பலேர்ந்துடா இப்பிடி இருக்குது?" எப்போதிலிருந்தோ இருக்கிறது. நம்மிடம் யாரும் காட்டவில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 15(2) பொதுச்சாலையைப் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு சுடுகாட்டையோ சாலையையோ வழியையோ பயன்படுத்த விடாமல் தடுப்பது தெளிவாகவே குற்றம். சட்டத்தை எடுத்துக்கொண்டு போனால் தெரு திறக்கும், கூடவே உப்பளத்தில் சிலருக்கு வேலை போகும், கடையில் கடன் நிற்கும். அதனால் இரண்டையும் செய்வதென்று முடிவெடுத்தோம். மனு ஒரு பக்கம் நடக்கட்டும், கால் ஒரு பக்கம் நடக்கட்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு பேர் நடக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐந்து பேர், பெண்கள் மூன்று பேர், மீதி நாங்கள். நாய் நாலு. உப்பளம், கால்வாய், கழுவெளி, காடு, பிறகு தெரு. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. முதல் வாரம் ஜன்னல்களைச் சாத்தினார்கள். இப்போது பாதி ஜன்னல் திறந்திருக்கிறது. போன வாரம் ஒரு சின்னப் பிள்ளை வாசலில் நின்று "நாய் பேரு இன்னா?" என்று கேட்டது. உள்ளேயிருந்து ஒரு கை அதை இழுத்துக்கொண்டது. இழுப்பதற்கு முன்னால் எங்கள் பிள்ளை ஒன்று "மணி" என்று பதில் சொல்லிவிட்டது.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் கிராம வரைபடத்தை வாங்குங்கள். உங்கள் காலனியிலிருந்து பள்ளிக்கூடம், குளம், கோயில், சுடுகாடு, பஸ் நிறுத்தம் எதற்கு எந்த வழியில் போகிறீர்கள் என்று அதன்மேல் பென்சிலால் கோடு போடுங்கள். படத்தில் இருக்கிற பாதையும் நீங்கள் நடக்கிற பாதையும் எங்கே பிரிகிறது என்று பாருங்கள். அந்த இடத்தைக் குறித்து அனுப்புங்கள். சேர்த்து வைத்தால் அதுவே நம் நாட்டுக்கு ஒரு வரைபடம் ஆகும்.

எங்களுக்கு அவசரம் ஒன்று இருக்கிறது. ஐப்பசி வந்தால் வரப்பு மறுபடியும் முழுகிவிடும். காலனியில் எழுபது வயசு தாண்டியவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். மழைக்கு முன்னால் தெரு வழி தீர்மானமாக வேண்டும்.